மேலே இருப்பவர்கள் காலி செய்த படிகள்

கேள்வி இதுதான்: மலிவுச் சரக்குக்குப் பேர்போன நிறுவனங்கள் இருபது, முப்பது வருடத்தில் பெரிய பிராண்டுகளுக்கே சவாலாக வளர்வது எப்படி? பணமும் ஆளும் அனுபவமும் உள்ள பெரிய நிறுவனங்கள் அதை ஏன் தடுக்க முடியாமல் நிற்கின்றன?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, லாபம் குறைந்த கீழ்ப்படியைத் தாங்களாகவே காலி செய்கின்றன. அந்த வருடக் கணக்கின்படி அது சரியான முடிவும்கூட. வெளியிலிருந்து பார்க்கும்போது தூங்கிவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தால் நாமும் கை தூக்கியிருப்போம். இதைப் புரிந்துகொள்ள மோட்டார் சைக்கிளின் வரலாற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1950களில் மோட்டார் சைக்கிள் என்றால் பிரிட்டன்தான். டிரயம்ஃப், பிஎஸ்ஏ, நார்ட்டன் எல்லாம் அமெரிக்காவரை மதிப்போடு விற்றுக்கொண்டிருந்தன. ஹோண்டா 1948இல்தான் தொடங்கியது. பத்து வருடம் கழித்து, 1958இல், 50 சிசி எஞ்சினோடு சூப்பர் கப் என்ற சின்ன வண்டியைக் கொண்டுவந்தது. கிளட்ச் பிடிக்கத் தெரியாதவரும் ஓட்டலாம். அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிளை திறந்தார்கள். அங்கே அவர்கள் விற்க நினைத்தது தங்களுடைய பெரிய வண்டிகளை, அதாவது 250, 305 சிசி வண்டிகளை. அமெரிக்கர்கள் நெடுந்தூரம், அதிக வேகத்தில் ஓட்டுபவர்கள். அந்த ஓட்டத்தைத் தாங்காமல் வண்டிகளில் எண்ணெய் கசிந்தது, கிளட்ச் போனது. நேராக மேல்தட்டில் நுழையப் பார்த்த முதல் முயற்சி தோல்வி. ஊழியர்கள் ஊருக்குள் சொந்த வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த சூப்பர் கப்பைப் பார்த்துத்தான் ஆட்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். மோட்டார் சைக்கிள் கடைக்கே போகாத சாதாரண மக்கள் அவர்கள். அந்தச் சின்ன வண்டிதான் ஹோண்டாவுக்கு அமெரிக்காவில் காலூன்ற இடம் கொடுத்தது.

பிரிட்டிஷ் நிறுவனங்கள் இதைப் பார்த்துப் பயப்படவில்லை. சின்ன வண்டி ஓட்டிப் பழகியவர் நாளைக்குப் பெரிய வண்டி கேட்பார், அப்போது நம்மிடம் வருவார் என்பது அவர்கள் எண்ணம். டிரயம்ஃபை வளர்த்த எட்வர்ட் டர்னர் 1960இல் ஜப்பானுக்கே போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டு வந்தார். உற்பத்தி எண்ணிக்கையையும் இயந்திரங்களையும் பார்த்து அதிர்ந்துபோய் எச்சரிக்கை அறிக்கையும் எழுதினார். எழுதி என்ன? சின்ன வண்டியில் லாபம் இல்லை, அந்த வேலையை ஜப்பானியர்களுக்கு விட்டுவிட்டு நமக்குக் காசு வருகிற பெரிய எஞ்சினில் கவனம் வைப்போம் என்ற போக்கு மாறவில்லை. முதலில் சின்ன வண்டிகள் போயின. அப்புறம் 250 சிசி. அப்புறம் 350.

இங்கேதான் நுணுக்கம் இருக்கிறது, பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு படியைக் காலி செய்தால் அந்தப் படியின் விற்பனை மட்டும் போவதில்லை. வார்ப்படச் சாலை, கியர் வெட்டும் இயந்திரம், வரைபட அறை, டீலர் கடைகள், உதிரிபாகக் கிடங்கு என எல்லாச் செலவும் அப்படியே நிற்கும். அதைத் தாங்க வண்டிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். அதனால் ஒரு வண்டிக்கு விழும் செலவு ஏறும். நேற்றுவரை லாபம் தந்த அடுத்த படி இன்று லாபமில்லாத படியாக மாறிவிடும். அதையும் காலி செய்யச் சொல்லிக் கணக்கு வரும். எதிர்ப்பக்கத்தில் நேர்மாறாக நடக்கும். லட்சக்கணக்கில் சின்ன எஞ்சின் செய்பவருக்குப் புதிய இயந்திரம் வாங்கக் காசு வரும். வேலையாட்களுக்குக் கை பழகும். ஒரு வண்டிக்கான செலவு இன்னும் இறங்கும்.

1969இல் ஹோண்டா சிபி750 வந்தது. நான்கு சிலிண்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பொத்தானை அழுத்தினால் கிளம்பும் ஸ்டார்ட்டர். பிரிட்டிஷ்காரர்களின் மூன்று சிலிண்டர் வண்டியில் இன்னும் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும், விலையும் அதிகம். கடைசிக் கோட்டை என்று அவர்கள் நம்பியிருந்த பெரிய எஞ்சினிலேயே இது நடந்தது. 1973இல் பிஎஸ்ஏ நொடித்து, மிச்சம் மீதியெல்லாம் நார்ட்டன் வில்லியர்ஸ் டிரயம்ஃப் என்ற ஒரே நிறுவனமாகச் சேர்க்கப்பட்டன. 1975இல் பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொண்டபடி பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை, இப்படிப் படிப்படியாகப் பின்வாங்கியதையே வீழ்ச்சியின் மையக் காரணமாகக் காட்டியது.

எஃகுத் துறையிலும் இதே கதை. பழைய இரும்பை உருக்கும் சிற்றாலைகள் அமெரிக்காவில் கட்டுமானக் கம்பியில் தொடங்கின. எஃகிலேயே மதிப்புக் குறைந்த சரக்கு அது. பெரிய ஆலைகள் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தன. பின்பு கோணக் கம்பி, உத்தரம் என்று ஏறி, 1989இல் நூகோர் நிறுவனம் இண்டியானா மாநிலத்தின் கிராஃபர்ட்ஸ்வில்லில் மெல்லிய பலகை வார்ப்பு முறையில் தகடே செய்யத் தொடங்கிவிட்டது.

சரி, படி காலியாக இருந்தால் போதுமா? ஏறத் தெரிய வேண்டாமா? அந்தக் கல்வி பெரும்பாலும் அடுத்தவர் பெயரில் சரக்கு செய்து கொடுக்கும்போதே கிடைத்துவிடுகிறது. பல சமயம் சொல்லிக் கொடுப்பவரே வாடிக்கையாளராக இருக்கிறார்.

சைக்கிள் உலகில் ஷ்வின் என்ற பெயர் 1895லிருந்து சிகாகோவில் இருந்தது. அமெரிக்கக் குழந்தைகள் பல தலைமுறையாக அந்தச் சைக்கிளில்தான் வளர்ந்தார்கள். தைவானில் 1972இல் தொடங்கிய ஜயன்ட், ஷ்வின்னுக்குச் சைக்கிள் செய்து கொடுக்கும் ஆர்டரைப் பிடித்தது. 1980இல் சிகாகோ ஆலையில் வேலைநிறுத்தம் வந்தபோது, ஷ்வின் தன் உற்பத்தியைப் பெருமளவு தைவானுக்குத் திருப்பியது. ஆர்டரோடு பொறியாளர்களும் போனார்கள், தொழில்நுணுக்கமும் போனது. சட்டகத்தின் கோணம், வெல்டிங் தரம், எந்தச் சோதனையில் எது உடையும் என்பதெல்லாம் சேர்ந்தே போனது. சில வருடங்களில் ஷ்வின் விற்ற சைக்கிள்களில் பெரும்பகுதி ஜயன்ட் செய்தவை.

ஒரே ஆளை நம்பியிருப்பது ஆபத்து என்று ஷ்வின் விழித்துக்கொண்டு, சீனாவில் வேறொரு ஆலையோடு கூட்டுச் சேர்ந்தது. பெரிய ஆர்டர் கைவிட்டுப் போகப் போவதைப் பார்த்த ஜயன்ட்டுக்குத் தன் சொந்தப் பெயரில் விற்பதைத் தவிர வேறு வழியில்லை. 1986இல் ஐரோப்பாவுக்கும், அடுத்து அமெரிக்காவுக்கும் ஜயன்ட் என்ற பெயரோடேயே போனது. ஷ்வின் சைக்கிளைச் செய்த அதே கைகள், அதே தரம், ஆனால் குறைந்த விலை. டீலர்களுக்கு இதைச் சொன்னாலே போதுமாக இருந்தது. 1992இல் ஷ்வின் திவால் மனு போட்டது. ஜயன்ட் உலகின் மிகப் பெரிய சைக்கிள் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஷ்வின் மேல் கோபத்தைவிட வருத்தம்தான் வருகிறது. எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்த வருடத்துக்குச் செலவைக் குறைத்தது. செலவோடு சேர்ந்து செய்யத் தெரிந்த ஆட்களும் குறைந்துகொண்டே வந்தார்கள் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவில்லை.

ஜயன்ட் பக்கத்திலும் ஒரு சங்கடம் உண்டு. சொந்தப் பெயரில் விற்க ஆரம்பித்ததும், ஆர்டர் தருபவருக்கு நீங்கள் போட்டியாளர். தன் புதிய வடிவமைப்பை உங்களிடம் கொடுக்க அவர் தயங்குவார். தைவானின் கணினி நிறுவனமான ஆசுஸ் இதனால்தான் 2008இல் ஒப்பந்த உற்பத்தியைப் பெகட்ரான் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. இந்தச் சங்கடத்துக்குப் பயந்தே கடைசிவரை பெயரில்லாத ஆலையாக நின்றுவிட்ட நிறுவனங்கள் ஏராளம்.

குறைந்த கூலியும் அரசின் ஆதரவும்தான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். ஆரம்பத்துக்கு அவை காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் அதே கூலியும் ஆதரவும் கிடைத்த எத்தனையோ நிறுவனங்கள் கீழேயே நின்றுவிட்டன. அமெரிக்கச் சந்தையில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இரண்டு மலிவுக் கார்கள் நுழைந்தன. யூகோஸ்லாவியாவின் யூகோ 1985இல் 3,990 டாலருக்கு வந்தது. கொரியாவின் ஹூண்டாய் எக்செல் 1986இல் 4,995 டாலருக்கு வந்து, முதல் வருடமே 1,68,882 கார்கள் விற்றது. இரண்டுக்குமே சீக்கிரம் பேர் கெட்டது. எக்செல் கார்களில் பழுது வந்து, வாங்கியவர்கள் நொந்துபோனார்கள். யூகோ 1992க்குள் அமெரிக்காவை விட்டே போய்விட்டது. நாடு உடைந்ததும் பொருளாதாரத் தடையும் அதற்கு ஒரு காரணம், அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஹூண்டாய் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தபோதே, மறுபக்கம் சொந்த எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டியது. 1991இல் ஆல்ஃபா என்ற அந்த எஞ்சின் வந்தது. கீழ்ப்படியில் சம்பாதித்ததை எதில் போடுகிறார்கள் என்பதைப் பார்த்தால், யார் ஏறுவார் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தரத்தின் பக்கம் வரும்போது இரண்டு காட்சிகளை எல்லோரும் சொல்வார்கள். சீனாவின் சிங்தாவில் 1985இல், பின்னாளில் ஹையர் ஆன ஆலையின் தலைவர் ஜாங் ருய்மின் பழுதுள்ள 76 குளிர்பதனப் பெட்டிகளை எடுத்து வைத்து, ஊழியர்களையே சம்மட்டியால் உடைக்கச் சொன்னார். 1995இல் சாம்சங்கின் தலைவர் லீ குன்-ஹீ, குமி ஆலையில் சுமார் 1,50,000 பழுதான தொலைபேசி முதலான கருவிகளை ஊழியர்கள் கண்முன்னே கொளுத்த வைத்தார். இவை வெறும் நாடகம் என்று நான் நினைக்கவில்லை. பழுதான பொருளையும் யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்ற மனநிலையில் இருக்கும் ஆலைக்கு அந்த அதிர்ச்சி தேவைப்பட்டது. ஆனால் மலிவு உற்பத்தியாளருக்கு இதில் ஓர் இயல்பான வசதி இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. லாபம் ஒன்றிரண்டு சதவீதம்தான் என்றால், நூறில் மூன்று பொருள் கழிவாகப் போனாலே கடை மூட வேண்டியதுதான். அதனால் கழிவு எங்கே வருகிறது, எந்த இயந்திரம் எப்போது அளவு தவறுகிறது என்று தேடும் பழக்கம் பிழைப்புக்காகவே வந்துவிடுகிறது. தவறு கண்டால் உற்பத்தி வரிசையையே நிறுத்தும் டொயோட்டாவின் முறையும் காசில்லாத காலத்தில் உருவானதுதான். பிற்காலத்தில் விலை உயர்ந்த பொருள் செய்யும்போது அதே பழக்கம்தான் தரமாகத் தெரிகிறது.

கடைசித் தடை பெயர். என் பார்வையில் இருப்பதிலேயே கடினமானது இதுதான். பொருள் நன்றாக ஆனபிறகும் பெயர் பத்து, பதினைந்து வருடம் பின்தங்கியே வரும்.

டொயோட்டாவையே பாருங்கள். 1957இல் டொயோபெட் கிரௌனை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, அது நெடுஞ்சாலை வேகத்தில் திணறியது. 1960இல் ஏற்றுமதியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பின்பு கொரோனா, கொரோலா என்று சிக்கனக் கார்களில் நம்பிக்கை சம்பாதித்தார்கள். 1981இல் அமெரிக்காவின் நெருக்குதலால், வருடத்துக்கு 16,80,000 கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வந்தால், ஒவ்வொரு காரிலும் அதிகம் சம்பாதிப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. மலிவுக் கார்களைத் தடுக்கப் போட்ட வேலி, ஜப்பானியர்களை விலை உயர்ந்த கார்களின் பக்கம் தள்ளிவிட்டது. 1983இல் நிறுவனத்தின் தலைவர் எய்ஜி டொயோடா உலகின் சிறந்த காரைச் செய்ய முடியுமா என்று தன் ஆட்களிடம் கேட்டார். அதன் விளைவு 1989இல் வந்த லெக்ஸஸ் எல்எஸ்400. 35,000 டாலரில் தொடங்கிய அதன் விலை, அதே அளவு ஜெர்மன் கார்களைவிட மிகக் குறைவு.

புதுப் பெயர் வைத்ததும், டீலர் கடைகளைத் தனியாக வைத்ததும் பலருக்கும் தெரிந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த டிசம்பரில் நடந்தது. பிரேக் விளக்கு பற்றிய ஒரு புகாரையும் இன்னும் ஓரிரண்டு குறைகளையும் வைத்து, விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். புதிய பெயருக்கு இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. ஆனால் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் காரை எடுத்துப் போய், சரிசெய்து, கழுவித் திருப்பிக் கொடுத்து, மூன்று வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள். இவர்களை நம்பலாம் என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. இன்னொரு விஷயம்: அந்தக் கார் சொந்த நாட்டில் 2005வரை லெக்ஸஸ் என்ற பெயரில் விற்கப்படவே இல்லை. ஜப்பானில் அது டொயோட்டா செல்சியர்தான். டொயோட்டா என்ற பெயருக்கு அங்கே ஏற்கெனவே மதிப்பு இருந்தது.

புதுப் பெயர் வைக்க மறுத்ததால் அடிபட்டவர்களும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் 2002இல் ஃபைட்டன் என்ற அற்புதமான காரைச் செய்தது. டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர் கொண்ட தனி ஆலையே கட்டினார்கள். முகப்பில் இருந்தது மக்கள் கார் என்று பொருள்படும் பெயர். அந்த விலை கொடுப்பவர் அந்தச் சின்னத்தை வாங்கத் தயாராக இல்லை. 2006இல் அமெரிக்காவிலிருந்து விலக்கினார்கள், 2016இல் உற்பத்தியே நின்றது. சியோமி இதற்கு நேரெதிரான வழியை எடுத்தது. 2019இல் மலிவுப் போன்களை ரெட்மி என்று தனியே பிரித்து, தாய்ப் பெயரை மேல்தட்டுக்கு வைத்துக்கொண்டது.

ஹூண்டாய் பெயரை மாற்றவில்லை, காசு கொடுத்துக் கழுவியது. அமெரிக்காவில் 1999ஆம் வருட மாடல்களுக்கு எஞ்சினும் கியர்பெட்டியும் 10 வருடம் அல்லது 1,00,000 மைல் வரை எங்கள் பொறுப்பு என்று வாரண்டி கொடுத்தது. என் கார் நல்லது என்று விளம்பரத்தில் எவரும் சொல்லலாம். கெட்டால் பத்து வருடத்துக்கு நான் கட்டுகிறேன் என்பது வேறு. ஒருவேளை கார் மோசமாக இருந்திருந்தால் அந்த வாக்குறுதியே நிறுவனத்தைத் தின்றிருக்கும். அதனால் அந்த வாரண்டி வெளியே வாங்குபவருக்கு எவ்வளவு பேசியதோ, அதே அளவு உள்ளே ஆலைக்கும் பேசியது. அதற்குப் பிறகும் சொகுசுக் காருக்கு 2008இல் ஜெனிசிஸ் என்ற மாடல், 2015இல் அதையே தனிப் பிராண்டு என்று பொறுமையாகத்தான் போனார்கள். அழகுக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்ததும் நல்ல முடிவு. குழுமத்தின் கியா நிறுவனத்துக்கு 2006இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்திலிருந்து வடிவமைப்பாளர் பீட்டர் ஷ்ரையர் வந்தார்.

பெரிய நிறுவனங்கள் தற்காத்துக்கொள்ளவே முடியாதா என்றால், முடியும். ஆனால் விருப்பமில்லாத வேலையைச் செய்ய வேண்டும், அதாவது கீழ்ப்படியில் இறங்கிச் சண்டை போட வேண்டும். பேட்டரியில் ஓடும் ஜப்பானிய குவார்ட்ஸ் கைக்கடிகாரங்கள் வந்தபின் சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970இல் சுமார் 90,000 ஆக இருந்த வேலைகள், 1980களின் நடுவில் ஏறக்குறைய 30,000 ஆகச் சரிந்தன. எல்லோரும் தங்கக் கடிகாரங்களின் பக்கம் ஓடியபோது, 1983இல் பிளாஸ்டிக்கில் ஸ்வாட்ச் வந்தது. குறைந்த உதிரிபாகங்கள், தானியங்கி உற்பத்தி, சுவிட்சர்லாந்திலேயே தயாரிப்பு. அதன் லாபத்தைவிட, ஆலைகளை ஓட வைத்த எண்ணிக்கைதான் மேலே இருந்த விலை உயர்ந்த பெயர்களுக்கும் உயிர் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் செய்யத் தவறியது சரியாக இதைத்தான்.

இப்போது எல்லோரும் கேட்பது சீன மின்சாரக் கார்களைப் பற்றி. பிஒய்டி 1995இல் பேட்டரிக்காகத் தொடங்கிய நிறுவனம். ஜப்பானியர்கள் விலை உயர்ந்த தானியங்கி இயந்திரங்களில் செய்ததை, வேலைகளைச் சின்னச் சின்னதாகப் பிரித்து ஆட்களைக் கொண்டு செய்து விலையைக் குறைத்தது. மோட்டோரோலாவுக்கும் நோக்கியாவுக்கும் செல்போன் பேட்டரி கொடுத்தது. 2003இல் நொடிந்த நிலையிலிருந்த ஒரு கார் நிறுவனத்தை வாங்கியது. ஆரம்பக் கார்கள் டொயோட்டாவின் சாயலில் இருந்தன. ஆடியில் இருந்த வடிவமைப்பாளர் வோல்ஃப்காங் எக்கரைப் பின்பு கொண்டுவந்தது. 2023இன் கடைசிக் காலாண்டில் பேட்டரிக் கார் விற்பனையில் டெஸ்லாவையே முந்தியது. அதே வருடம் யாங்வாங் என்ற புதிய பெயரில் 10 லட்சம் யுவானுக்கு மேல் விலையுள்ள வண்டியை விற்கத் தொடங்கியது. மேலே சொன்ன ஏறக்குறைய எல்லாப் படிகளும் இதில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதன் கார்களுக்கு 17 சதவீதம் கூடுதல் வரி போட்டது. வரி வருவதற்கு முன்பே பிஒய்டி ஹங்கேரியில் ஆலை கட்டும் முடிவை அறிவித்திருந்தது. 1981இன் வேலி ஜப்பானியர்களை எங்கே தள்ளியது என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இதில் யார் நிலைப்பார் என்று கணிக்க நான் பார்ப்பது ஷோரூம் விற்பனையை அல்ல, ஐந்து வருடம் ஓடிய வண்டியின் மறுவிற்பனை விலையை. புதுக் காரைத் தள்ளுபடி கொடுத்து விற்றுவிடலாம். பழைய காரின் விலையை நிர்ணயிப்பவர்கள் உதிரிபாகத்துக்காக அலைந்தவர்கள், பணிமனையில் காத்திருந்தவர்கள், பேட்டரி எவ்வளவு தேய்ந்தது என்று சொந்தக் கண்ணால் பார்த்தவர்கள். லெக்ஸஸுக்கு அந்தச் சந்தை சீக்கிரமே பச்சைக்கொடி காட்டியது. ஹூண்டாய்க்கு வெகுகாலம் பிடித்தது. சீன மின்சாரக் கார்களுக்கு அந்தக் கணக்கு இப்போதுதான் திறந்திருக்கிறது.